சரிந்த இமையும் விரிந்த கண்மணியும்

மலையகத் தோட்டமொன்றில் ஒருவருடைய ஒரு கண்ணின் மேல் இமை திடீரெனச் சரிந்து விழுந்தால், அதைக் கண்ணில் வந்த கோளாறு என்று கொள்வதும், கண் கிளினிக்குக்குத் துண்டு வாங்கித் திகதிக்காகக் காத்திருப்பதும், அவருக்குச் சீனி வருத்தமும் இருக்குமானால் அதன் விளைவென்று ஆறுதல் அடைவதும் இயல்பாக நடக்கக்கூடியவை. அந்த ஆறுதல் பல வேளைகளில் சரியாகவும் அமைந்துவிடும். ஆயினும் அவ்வாறு சரியும் இமைகளுள் சிலவற்றுக்குக் காரணம் கண்ணில் இல்லை. கண்ணுக்கு வெகு பின்னால், மூளையின் அடித்தளத்தில், ஒரு நாடியின் சுவர் புடைத்துப் பக்கத்திலுள்ள நரம்பை அழுத்தத் தொடங்கியிருப்பதே காரணம். மருத்துவர் அனியூரிசம் என்று அழைக்கும் இந்த நாடி வீக்கம் வெடிப்பதற்கு முன் வெளியே தெரியும்படி தரும் அறிகுறிகள் மிகச் சில. இமைச் சரிவு அவற்றுள் ஒன்று. கண் வைத்தியரிடம் ஆறுதலாகப் போகக்கூடிய நோய்க்கும், அதே நாளில் பெரிய வைத்தியசாலையைச் சென்றடைய வேண்டிய நோய்க்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு டோர்ச் வெளிச்சத்தில் பெருமளவு கண்டுகொள்ளலாம் என்பதால், இவ்விடயம் வைத்தியர்களுக்கு மட்டும் உரியதன்று.

கண்ணைச் சுழற்றும் தசைகள் ஒவ்வொரு பக்கமும் ஆறு. அவற்றை இயக்குவன மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளுள் மூன்று சோடிகள். ஆறாம் நரம்பு ஒரே ஒரு தசைக்கு உரியது. கண்ணைக் காதுப் பக்கமாக இழுப்பதே அத்தசையின் தொழில். நான்காம் நரம்புக்கும் ஒரே தசைதான். மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும் கண்ணைக் கீழே இறக்குவது அது என்பதால், அந்நரம்பு பழுதுபட்டவர் படிக்கட்டில் இறங்கும்போதும் செங்குத்தான மலைப் பாதையில் காலடியைப் பார்க்கும்போதும் பொருள்கள் இரண்டாகத் தெரிவதாகக் கூறுவார். எஞ்சிய நான்கு தசைகளும் மூன்றாம் நரம்பின் பொறுப்பில் உள்ளன. அவற்றோடு மேல் இமையைத் தூக்கும் தசையும், கண்மணியைச் சுருக்கும் நுண்ணிய தசையும், கிட்டப் பார்ப்பதற்காக வில்லையின் வளைவை மாற்றும் தசையும் அதே நரம்பின் வழியாகவே கட்டளை பெறுகின்றன. ஆகவே மூன்றாம் நரம்பு முற்றாகச் செயலிழந்தால் இமை கண்ணை மூடிவிடும். அதைக் கையால் தூக்கிப் பார்த்தால், எதிர்த்து இழுக்கத் தசையில்லாத கண், எஞ்சிய இரு தசைகளின் போக்கில் வெளிப்புறமாகவும் சற்றுக் கீழாகவும் ஒதுங்கி நிற்கும். கண்மணி அகன்று, வெளிச்சம் பட்டாலும் சுருங்காமல் இருக்கும்.

இத்தனை வேலைகளைச் சுமக்கும் இந்நரம்பு கண்ணை வந்தடையும் வழி இடுக்கானது. நடுமூளையின் முன்புறத்தில் வெளிப்பட்டதும் அது இரண்டு நாடிகளுக்கு இடையில் நுழைகிறது. பின்னர் பின் இணைப்பு நாடி எனப்படும் சிறிய நாடியின் ஓரமாகவே சிறிது தூரம் செல்கிறது. அதன் பிறகு மண்டையோட்டின் அடியில் உள்ள குகைக்குழி என்னும் குருதித் தேக்கத்தின் சுவருக்குள் புகுந்து, கண்குழியின் பின்னுள்ள பிளவு வழியாகக் கண்ணை அடைகிறது. பின் இணைப்பு நாடி, மூளையின் அடியில் நாடிகள் ஒன்றோடொன்று இணைந்து அமைக்கும் வளையத்தின் ஒரு பகுதியாகும். அந்த வளையத்தை ஆங்கிலேய மருத்துவர் தொமஸ் வில்லிஸ் 1664ஆம் ஆண்டில் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலில் விளக்கினார். இலண்டன் சென்ற் போல் தேவாலயத்தைப் பின்னாளில் கட்டிய கிறிஸ்ரோபர் ரென்னே அந்நூலின் படங்கள் பலவற்றை வரைந்தார். ஒரு நாடி அடைபட்டாலும் மற்றொன்றின் வழியாகக் குருதி சுற்றிவர இடந்தரும் அருமையான அமைப்பு அது. ஆனால் வளையத்தின் சந்திப்புகளே அதன் பலவீனமான இடங்களுமாகும்.

நாடிகள் கிளைவிடும் இடத்தில் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் குருதி சுவரின் ஒரே இடத்தில் மோதுகிறது. உடலின் ஏனைய நாடிகளுக்கு வெளிப்புறத்தே இருக்கும் மீள்தன்மையுள்ள படை மூளைக்குள் செல்லும் நாடிகளுக்கு இல்லை என்பதால், அந்த மோதலைத் தாங்கும் வலுவும் அங்கே குறைவு. மலை ஊற்றிலிருந்து லயத்துக்கு இழுத்து வந்த ரப்பர் குழாய், பொருத்து விழுந்த இடத்தில் ஆண்டுகள் செல்லச் செல்லப் புடைப்பதைத் தோட்டத்தவர் அறிவர். நாடியின் சந்தியில் நிகழ்வதும் அதுதான். வளர்ந்தோரில் ஏறக்குறைய 100 பேருக்கு 3 பேரிடம் இத்தகைய புடைப்பு ஒன்றேனும் இருக்கும் என்பது மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணிப்பு. அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிப்பர். உயர் குருதி அமுக்கம், புகைத்தல், மிகுந்த மதுப் பழக்கம், நெருங்கிய உறவினர் இருவருக்கு இந்நோய் இருந்தமை, சிறுநீரகத்தில் பல நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோய் ஆகியவை ஆபத்தைக் கூட்டுவன. ஆண்களைவிடப் பெண்களிடமே, அதிலும் நடுவயதைத் தாண்டிய பெண்களிடமே, இது அதிகம் காணப்படுகிறது.

உள் கழுத்து நாடியிலிருந்து பின் இணைப்பு நாடி பிரியும் சந்தி, இப்புடைப்புகள் அடிக்கடி தோன்றும் இடங்களுள் ஒன்று. மூன்றாம் நரம்பு அதை ஒட்டியே செல்வதால் புடைப்பு பின்னோக்கி வளரும்போது முதலில் தொடுவது நரம்பைத்தான். புடைப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. ஐந்து மில்லிமீற்றர் அளவுள்ளதே போதும். அழுத்தம் ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் நரம்பின்மேல் விழும் தட்டலும் அதைச் சிதைக்கிறது.

கண்மணியின் முக்கியத்துவம் இந்த இடத்தில்தான் விளங்குகிறது. மூன்றாம் நரம்பு ஒரே இழையன்று. ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. கண்மணியைச் சுருக்கும் இழைகள் அக்கட்டின் மேற்பரப்பில், உட்புற மேற்பக்கமாக ஓடுகின்றன. இமையையும் கண்ணையும் அசைக்கும் இழைகள் நடுவில் உள்ளன. வெளியிலிருந்து ஒரு புடைப்பு வந்து அழுத்தினால் மேற்பரப்பு இழைகளே முதலில் பாதிக்கப்படும், கண்மணி விரியும். நீரிழிவிலும் நாட்பட்ட உயர் குருதி அமுக்கத்திலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே நரம்புக்கே குருதி ஊட்டும் மயிரினும் நுண்ணிய நாளங்கள் அடைபடுகின்றன. அதனால் கட்டின் நடுப்பகுதி பட்டினி கிடக்க, மேற்பரப்போ அக்கம்பக்கத்து நாளங்களிலிருந்து ஊட்டம் பெற்றுப் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இமை விழுந்திருக்கும், கண் ஒதுங்கியிருக்கும், ஆனால் கண்மணி மற்றக் கண்ணினதைப் போலவே சுருங்கி விரியும். சீனியால் வந்த இந்த முடக்கம் மூன்று மாத அளவில் தானாகவே நீங்குவது வழக்கம். புடைப்பால் வந்தது தானாக நீங்குவதில்லை. அது நீங்கக் காத்திருக்கும் நாட்களில் புடைப்பு வெடிக்கலாம்.

இந்த விதிக்கு விலக்குகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. சீனி நோயாளருள் சிலருக்குக் கண்மணி சற்றே விரிவதுண்டு. அவ்விரிவு பொதுவாக ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கும். மறுபுறம், புடைப்பின் தொடக்க நாட்களில் இமை அரைகுறையாகச் சரிந்தும் கண்மணி இன்னும் தப்பியும் இருக்கலாம். சில நாட்கள் கழித்தே அது விரியத் தொடங்கும். எனவே இமையும் கண் அசைவும் முழுமையாக முடங்கியும் கண்மணி முற்றிலும் இயல்பாக இருந்தால் மட்டுமே சீனியின் மீது பழியைப் போட ஓரளவு உரிமையுண்டு. முடக்கம் அரைகுறையாக இருக்குமிடத்து இயல்பான கண்மணி எந்த உறுதியையும் தருவதில்லை. வலியைக் கொண்டு இரண்டையும் பிரிக்க முயல்வதும் பயனற்றது, ஏனெனில் புருவத்துக்கு மேலும் கண்ணுக்குப் பின்னும் வரும் வலி இரண்டிலும் வரும். புடைப்பின் வலி கடுமையாக இருப்பது வழக்கமே எனினும், கடுமையை அளக்கக் கருவி இல்லை. தலையிடியைச் சொல்லாமலே பொறுத்துப் பழகிய பெண்களிடம் அது இன்னும் கடினம்.

கண்மணியைப் பார்ப்பது எளிதென்று தோன்றினாலும் மலையகத்தில் அதற்குச் சில தடைகள் உண்டு. கருங்கபில நிறக் கண்களில் கண்மணிக்கும் அதைச் சூழ்ந்த கதிராளிக்கும் நிற வேறுபாடு குறைவு; மங்கிய ஒளியில் இரண்டும் ஒரே கருமையாகத் தெரியும். தீவின் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளையில், பகலிலும் மூட்டம் கவிந்திருக்கும் மாதங்களில், சிறு சன்னல் ஒன்றுடன் உள்ள லயத்து அறைக்குள் இரு கண்மணிகளின் அளவை ஒப்பிடுவது இயலாத காரியம். அதோடு, இருட்டில் நல்ல கண்ணின் கண்மணியும் விரிந்துவிடுவதால் வேறுபாடே மறைந்துவிடும். நல்ல வெளிச்சத்தில்தான் நலமுள்ள கண்மணி சுருங்கும், முடங்கியது சுருங்காமல் நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆகையால் நோயாளியை வாசலுக்கு அழைத்து வந்து, தூரத்தில் ஏதேனும் ஒன்றைப் பார்க்கச் சொல்லி, சரிந்த இமையை விரலால் மெல்லத் தூக்கி, கைத்தொலைபேசியின் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்ப்பதே முறை. கண்ணில் பரிசோதனைக்கான சொட்டு மருந்து இடப்பட்டிருந்தால் கண்மணி அதனாலேயே விரிந்திருக்கும் என்பதால், கண் பரிசோதனைக்குப் போய்வந்தவரிடம் அதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொருள்கள் இரண்டாகத் தெரிவது கண் நரம்பு முடக்கத்தின் முதன்மையான முறைப்பாடாகப் பாடநூல்களில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் மூன்றாம் நரம்பு முழுமையாக முடங்கியவர் அதைச் சொல்லமாட்டார்; இமையே திரையாக விழுந்து ஒரு கண்ணை மறைத்துவிடுகிறது. இமையைத் தூக்கியவுடன்தான் இரண்டு தோன்றும், எந்தக் கண்ணை மூடினாலும் அது ஒன்றாகும். மலையகத்தில் இதோடு குழப்பிக்கொள்ளப்படும் மற்றொரு நிலை, குளிர்காற்று அடித்து முகம் கோணியதாகச் சொல்லப்படும் முகவாதம். அது ஏழாம் நரம்பின் முடக்கம். வாய் ஒரு பக்கம் இழுக்கும், கண்ணை மூட முடியாது. மூன்றாம் நரம்பின் முடக்கத்திலோ கண்ணைத் திறக்க முடியாது, வாய் கோணாது. மூட முடியாத கண்ணுக்குத் தூசும் வறட்சியுமே உடனடி ஆபத்து. திறக்க முடியாத கண்ணின் பின்னால் உயிராபத்து இருக்கலாம்.

ஆறாம், நான்காம் நரம்புகளைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. உள் கழுத்து நாடி குகைக்குழிக்குள் செல்லும் பகுதியில் புடைப்பு வந்தால், அக்குழியின் சுவரில் அன்றி அதன் நடுவே நாடியை ஒட்டிச் செல்லும் ஆறாம் நரம்பே முதலில் அடிபடுகிறது. கண் மூக்குப் பக்கம் திரும்பி நிற்கும். அங்குள்ள புடைப்பு மூளையுறைக்கு வெளியில் இருப்பதால் வெடித்தாலும் மூளையைச் சுற்றிக் குருதி பரவுவது அரிது. கண் சிவந்து துருத்துவதும் தலைக்குள் இரைச்சல் கேட்பதுமே அதன் விளைவு. ஆறாம் நரம்பு இன்னொரு வகையிலும் முடங்கும்: மூளையினுள் அமுக்கம் எக்காரணத்தால் உயர்ந்தாலும் நீண்ட பாதையில் இழுபடும் அந்நரம்பு செயலிழக்கும். அதனால் அதன் முடக்கம் நோய் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் நோய் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. நான்காம் நரம்பைப் புடைப்புகள் தனியாகத் தாக்குவது அபூர்வம்.

புடைப்பு வெடித்தால் குருதி மூளையின் மேற்பரப்பைச் சூழ்ந்துள்ள சிலந்திவலைப் படலத்தின் கீழ் பரவுகிறது. வாழ்நாளில் அதுவரை அறியாத கடுந்தலையிடி நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் தொடரும். இவ்வாறு குருதி கசிந்தோருள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறக்கின்றனர்; பிழைத்தவர்களிலும் பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஒரு முறை வெடித்த புடைப்பு மறுபடியும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணித்தியாலங்களிலேயே மிக அதிகம். இதுவரை வெடிக்காத புடைப்பு திடீரென நரம்பை அழுத்துகிறது என்றால் அது அண்மையில் வளர்ந்திருக்கிறது என்பது பொருள்; வளரும் புடைப்பே வெடிக்கும் புடைப்பு என்பதால், கண்மணி விரிந்த இமைச் சரிவை நரம்பியல் மருத்துவர் மணித்தியாலக் கணக்கில் வைத்தே பார்க்கின்றனர்.

இமைச் சரிவுக்கும் இந்நோயின் சிகிச்சை வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு கவனிக்கத்தக்கது. 1927ஆம் ஆண்டில் போர்த்துக்கல் மருத்துவர் எகாஸ் மோனிஸ், மூளை நாடிகளுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்கதிர்ப் படம் எடுக்கும் முறையைக் கண்டார். பத்து ஆண்டுகளின் பின், 1937 மார்ச் 23ஆம் திகதி, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வோல்ட்டர் டாண்டி ஒரு நாடி வீக்கத்தின் கழுத்தில் சிறு வெள்ளிக் கவ்வியைப் பொருத்தி அதைக் குருதியோட்டத்திலிருந்து பிரித்தார்; அவ்வாறு கவ்வியிட்டு மூடிய முதல் சத்திரசிகிச்சை அதுவே. அந்நோயாளி 43 வயதுடைய ஆண். வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டுவந்ததும் மூன்றாம் நரம்பின் முடக்கந்தான். புடைப்பு வெடித்த பின் பிரேத அறையில் கண்டறியப்படுவதே வழக்கமாக இருந்த அக்காலத்தில், சத்திரசிகிச்சையாளரின் கத்திக்கு வழிகாட்டியது ஒரு கண் என்பதை மருத்துவ வரலாறு போதிய அளவு எடுத்துரைப்பதில்லை.

1990ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் பணியாற்றிய இத்தாலியர் குயிடோ குலியெல்மி, மண்டையோட்டைத் திறக்காமலே தொடையின் நாடி வழியாக நுண்குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் மெல்லிய பிளாட்டினச் சுருள்களை நிரப்பும் முறையை நோயாளரிடம் கையாளத் தொடங்கினார். இரு முறைகளையும் ஒப்பிட்ட பெரிய பன்னாட்டு ஆய்வொன்று 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெடித்த புடைப்புடன் வந்த 2143 பேரைக் கொண்ட அவ்வாய்வில், ஓராண்டு முடிவில் இறந்தோ பிறர் தயவில் வாழும் நிலையை அடைந்தோ இருந்தவர்கள் சுருள் முறையில் 100க்கு ஏறக்குறைய 24 பேர், கவ்வி முறையில் 31 பேர். நரம்பு மீளும் விடயத்தில் தராசு சற்று மறுபுறம் சாய்கிறது: புடைப்பைக் கவ்வியிட்டுச் சுருங்கச் செய்வதால் நரம்பின் மேலுள்ள சுமை நேரடியாக நீங்குகிறது, சுருள் முறையில் சுமை அப்படியே இருக்க, துடிப்பின் தட்டல் மட்டும் நிற்கிறது. அந்தத் தட்டல் நின்றதுமே பலரின் கண் மீண்டுவிடுவது, நரம்பைக் கெடுத்தது அழுத்தமா தட்டலா என்ற பழைய வினாவை மீண்டும் எழுப்பியுள்ளது.

தமிழ்ச் சூழலில் இந்நோயைப் பற்றிய ஒரு வினா நீண்டகாலம் நிலவியது. 1950ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய பா. ராமமூர்த்தி, 1969ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை இதழில் எழுதிய கட்டுரையில், மேலைநாடுகளோடு ஒப்பிடுகையில் இந்தியாவில் மூளை நாடி வீக்கங்கள் குறைவாகவே காணப்படுகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். உண்மையிலேயே நோய் குறைவா, அல்லது நோயாளர் வைத்தியசாலையை அடையுமுன்னே இறந்துவிடுவதாலும் பரிசோதனை வசதி இல்லாமையாலும் கணக்கில் வராமற்போகின்றனரா என்பது அதன் பின் பலராலும் ஆராயப்பட்டது. ஸ்கேன் கருவிகள் பரவிய பின் இந்திய மருத்துவமனைகளில் இந்நோய் முன்னரைவிட மிக அதிகமாகக் கண்டறியப்படுவதைப் பார்க்கையில் இரண்டாவது விளக்கத்துக்கே வலு அதிகம் என்று தோன்றுகிறது. இலங்கையில் நரம்பியல் சத்திரசிகிச்சைத் துறை 1950களின் நடுப்பகுதியில் கொழும்பில் ஷெல்டன் கப்ராலுடன் தொடங்கியது. கொழும்பு எட்டாத தோட்டத்தில் காலையில் பிரட்டுக்குப் போன ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தால், அது மாரடைப்பு என்றோ பாரிசவாதம் என்றோ பேசப்பட்டு முடிந்திருக்கும். அவருடைய இமை சில நாட்களுக்கு முன் சரிந்திருந்ததா என்று கேட்க யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

தோட்ட மருத்துவத்தின் அமைப்பே இவ்வகை நோய்க்கு ஏற்றதன்று. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் சிகிச்சையைத் தோட்ட நிருவாகங்களின் கடமைகளுள் ஒன்றாக்கியது. காய்ச்சல், வயிற்றோட்டம், பிரசவம், வெட்டுக்காயம் ஆகியவற்றையே அந்தக் கால டிஸ்பென்சரி எதிர்பார்த்தது. அவற்றில் அதன் பயன் பெரிது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சில படிப்படியாக அரசின் பொறுப்புக்குள் வந்தன. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அதற்கு முந்திய ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும், பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தபோது, மலையகத்தை எட்டியது. கட்டணம் இல்லை, 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் போதும்.

வட்டவளை கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையில் பெருந்தெருவை ஒட்டியே அமைந்துள்ளது. கொழும்பு – பதுளை இரயில் பாதையிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. ஆகவே நகரத்தில் இருப்பவருக்குப் போக்குவரத்து பெரிய தடையன்று. பெருந்தெருவிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதைகளே நேரத்தை விழுங்குகின்றன, அதிலும் மழைக்காலத்து மண்சரிவுக்குப் பின். ஒரு பக்கம் டிக்கோயாவும் மறுபக்கம் நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில் இருந்தாலும், மூளை நாடியில் கவ்வியிடவோ சுருள் நிரப்பவோ நோயாளி கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோதான் போயாக வேண்டும். எனவே முதற்படியில் இழக்கப்படும் நேரமே அதிக விலையுடையது. அந்த நேரம் பெரும்பாலும் பாதையில் அன்றிக் கடிதத்தில்தான் இழக்கப்படுகிறது. இமைச் சரிவு என்று மட்டும் எழுதப்பட்ட துண்டு நோயாளியைக் கண் கிளினிக்கின் வரிசையில் நிறுத்தும். இமை எந்த நாளில், எத்தனை மணியளவில் சரிந்தது, அதே பக்கத்தில் தலையிடி உண்டா, கண்மணி பெரிதா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்ற நான்கு செய்திகளும் எழுதப்பட்ட துண்டு அதே நோயாளியை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும். தமிழில் மட்டுமே தன் வலியைச் சொல்லக்கூடிய தாய், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும் விசாரணைக்கு நடுவே இந்நான்கையும் ஒழுங்காகச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று; தாளில் இருப்பதே அவளுக்காகப் பேசும்.

கிளினிக் புத்தகமும் சில வேளைகளில் எதிராகவே வேலை செய்கிறது. அதில் நீரிழிவு என்று எழுதப்பட்ட நாளிலிருந்து காலில் எரிவும் கண்ணில் மங்கலும் களைப்பும் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சரிந்த இமையும் அதற்குள்ளேயே ஒதுக்கப்பட்டுவிடும். நீரிழிவு உள்ளவருக்கு நாடி வீக்கம் வராது என்ற உத்தரவாதம் எங்கும் இல்லை. நீரிழிவோடு கூடவே வரும் உயர் குருதி அமுக்கம் இரண்டு வகை முடக்கத்துக்கும் பொதுவான தாய் என்பதையும் மறக்கலாகாது. கிளினிக் நாளில் போனால் அன்றைய பேர் விழாது என்பதற்காகப் பிரஷர் குளிசையைப் பாதியில் நிறுத்திவிடும் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் பொறுப்பின்மையைக் காண்பது எளிது; நாட்சம்பளத்தைக் கிளினிக் திகதியோடு மோதவிட்ட ஏற்பாட்டையே முதலில் குறை கூற வேண்டும்.

ஸ்கேன் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையும் களையப்பட வேண்டும். சாதாரண சி.டி. ஸ்கேன் கசிந்த குருதியை நன்றாகக் காட்டும். கசிந்த முதல் ஆறு மணித்தியாலங்களுக்குள் எடுத்தால் ஏறத்தாழத் தவறாமற் காட்டும். ஆனால் வெடிக்காத சிறு புடைப்பு அதில் தெரியாமலே போகலாம். ஆகவே இமை சரிந்து கண்மணி விரிந்த ஒருவருக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டால், எடுக்கப்பட்டது எந்த ஸ்கேன் என்று கேட்கும் உரிமை உறவினருக்கு உண்டு. கை நாளத்தின் வழியாகச் சாயம் செலுத்தி நாடிகளை மட்டும் பிரித்துக் காட்டும் சி.டி. அஞ்சியோகிராம் என்னும் படமே இங்கு தேவைப்படுவது. நரம்பை முடக்கும் அளவுக்கு வளர்ந்த புடைப்பு, பயிற்சி பெற்ற கண்ணுக்கு அதில் தப்புவது அரிது.

சிகிச்சைக்குப் பின் மீட்சி மெதுவாகவே வரும். முதலில் இமை உயரத் தொடங்கும், பின் கண் மூக்குப் பக்கம் திரும்பும், மேலும் கீழும் பார்ப்பது கடைசியாகத் திரும்பும். கண்மணி சிலருக்கு ஒருபோதும் பழையபடி சுருங்குவதில்லை. முடக்கம் அரைகுறையாக இருந்தபோதே சிகிச்சை பெற்றவர்களுக்கும், நாட்கள் கடக்குமுன் பெற்றவர்களுக்கும் பலன் கூடுதல். சில கண்களில் வளர்ந்து வரும் நரம்பிழைகள் வழி தவறி வேறு தசையைச் சென்றடைகின்றன. அப்போது கீழே பார்க்க முயலும்போது இமை இறங்குவதற்குப் பதிலாக மேலே எழும், உட்பக்கம் திரும்பும்போது கண்மணி சுருங்கும். உறவினரை அச்சுறுத்தும் இவ்விநோதம் மருத்துவருக்கு ஒரு தடயம்: சீனியால் வந்த முடக்கத்தின் பின் இவ்வாறு நிகழ்வதில்லை. ஆகவே சீனியால் வந்ததென்று முடிவு கட்டப்பட்ட ஒருவரின் கண்ணில் மாதங்கள் கழித்து இது தென்பட்டால், நாடிகளைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டியது அன்றும் கட்டாயம். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மீட்சி நின்றுபோன பின்னும் கண் கோணியிருந்தால், பட்டகக் கண்ணாடியாலோ தசையை இடம் மாற்றித் தைக்கும் சத்திரசிகிச்சையாலோ நேரே பார்க்கும் நிலைக்கு அதைக் கொண்டுவர இயலும். அதுவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு ஆழமும் தூரமும் சரியாகப் பிடிபடா. செங்குத்தான மலையில் கூடையுடன் ஏறியிறங்கும் வேலையிலிருந்தும் கவ்வாத்துக் கத்தியிலிருந்தும் அவரை விலக்கி, தொழிற்சாலையிலோ தவறணையிலோ சமதரை வேலை கொடுக்கும்படி வைத்தியர் எழுதித் தரலாம்.